பொங்க மறுத்த மாவு

செமோரில் ஒரு பிளாஸ்டிக் பை தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. துத்தநாக ஆக்சைடைக் கண்ணுக்கே தெரியாத நேனோ பொடியாகப் பிளாஸ்டிக்கில் கலந்து பை செய்து பார்த்தோம். உள்ளே வைக்கும் உணவில் பாக்டீரியா பெருகாது, சீக்கிரம் கெடாது என்பது எண்ணம். பொடியை நிறுத்துக் கொடுப்பதோடு என் பங்கு முடிந்தது. ஆனால் வீட்டில் நான் அளந்த அளப்பைக் கேட்டால், அதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று நினைப்பீர்கள்.

அக்கா தோசை மாவு அரைத்து விற்கிறாள். கோப்பெங்கில் சாலையோரம் ஒட்டுக்கடை போட்டுச் சாப்பாடு விற்கும் ஒருவர் பத்துப் பை மாவு கேட்டிருந்தார். பிடித்தால் தினமும் வாங்குவாராம். மாவு சீக்கிரம் புளித்துவிடுமோ என்று அக்காவுக்குப் பயம். நான் சும்மா இருப்பேனா? சோதனையில் மிஞ்சிய பைகளைக் கொண்டுபோய் நீட்டினேன்.

“இதுல என்னடா இருக்கு?”

“ஜிங்க், அக்கா.”

“நம்ம தோட்டத்து வீட்டுக் கூரையில இருந்துச்சே, அந்த ஜிங்க்கா? தகரத்தையா மாவுல கலக்கச் சொல்ற?”

“கூரை இல்லலா! இது நேனோ. கிருமி கிட்டயே வராது.”

என் எதிரிலேயே இரண்டு பைகளில் மாவை ஊற்றிக் கட்டினாள். மீதியை அப்புறம் ஊற்றிக்கொள்வதாகச் சொல்லி என்னை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை போனேன். மேசைமேல் இரண்டு பைகளும் சப்பையாகக் கிடந்தன. ஒன்றைப் பிரித்து அக்கா ஊற்றிய தோசையில் ஒரு கண்கூட விழவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாவைப் பொங்கவைப்பதே பாக்டீரியாதான்! போதாக்குறைக்கு, புளிப்பு பட்டால் அந்தப் பொடி கரைந்து உணவில் இறங்கும். ‘புளித்த உணவுக்கு ஆகாது’ என்று கூடத்துச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. தினமும் அதன் கீழே நின்றுதான் தேத்தண்ணி குடிக்கிறேன். தோசையைக் குப்பையில் போட்டேன்.

கடைக்காரர் வர அரை மணி நேரம்தான் இருந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். மீதி எட்டுப் பைக்கும் இதே கதிதான் என்று நினைத்தேன்.

“தப்பு என்னுதுக்கா. அவருகிட்ட நானே பேசுறேன்லா.”

அவள் சமையலறை மூலையிலிருந்த பெட்டியைத் திறந்தாள். பழைய சாதாரணப் பைகளில் பத்துப் பை மாவு, கும்மென்று பொங்கியிருந்தது.

“உன்னய நம்பி ஆர்டர் மாவ ஊத்துவனா? ஒனக்கு ஊத்துனது மிச்ச மாவுடா.”

என்னை ஒருவர் நம்பாததற்கு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான். பத்துப் பைகளையும் கடைக்காரர் கார்வரை நானே தூக்கிக்கொண்டு போனேன்.