முழு வீட்டில் பாதி

கோபம் நாளாக ஆக ஆறிவிடும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை. இன்றைக்கும் யாராவது ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கிராமத்துப் பெண்களுக்குச் சம உரிமை வாங்கிக் கொடுத்தோம் என்று பேசத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இருந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

சண்டைக் காலத்தில் நான் ஓர் உதவி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆங்கிலத்தில் சொல்வதைச் சனத்துக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சனம் சொல்வதை அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முதல் வேலைக்குத்தான் தொண்டை வறண்டது. இரண்டாவது வேலை எப்போதாவதுதான் வந்தது. அவர்கள் சொல்ல வந்தவர்கள், கேட்க வந்தவர்கள் இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. கல்லடியில் நான் இருக்கிற வீடு அம்மா எனக்கு எழுதித் தந்தது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். அண்ணன் தம்பிமார் வெளிநாட்டில் மாடாய் உழைத்தாலும், வாவியில் வலை இழுத்தாலும், சகோதரிக்கு ஒரு வீட்டைக் கட்டி முடித்துவிட்டுத்தான் தங்கள் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். இதிலும் பெண்ணுக்குக் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனால் குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருசனைப் பார்த்து "இது என்ர வீடு, வெளிய போ" என்று சொல்ல எங்கள் பெண்களுக்கு ஒரு வாசற்படி இருந்தது.

அகதி முகாம்களிலிருந்து சனம் திரும்பி வந்த நேரம் அது. வீடுகள் எரிந்து சுவர்கள் மட்டும் நின்றன. எங்கள் நிறுவனம் வீடும் கிணறும் மலசலகூடமும் கட்டித் தர வந்தது, தாய்மாருக்குக் கிளினிக்கும் நடத்தியது. நல்ல காரியம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். பால்நிலை சமத்துவத்துக்காக, வளவு உறுதியை, அதாவது வீடு நிற்கிற காணியின் பத்திரத்தை, புருசன் பெஞ்சாதி இரண்டு பேர் பேரிலும் பாதி பாதியாக எழுத வேண்டும். எழுதினால்தான் வீடு.

தன்னாமுனையில் ஒரு மண்டபத்தில் இதைச் சொல்லக் கூட்டம் வைத்தார்கள். திட்டத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண்மணி பேச, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். பெண்ணுக்கும் சொத்தில் பாதி என்று நான் சொன்னதும் கைதட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்த்து நின்றார். ஒருவரும் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழும்பினார். வாவிக்கரை ஓரமாக வளவு உள்ளவர், மூன்று பெண்பிள்ளைகளின் தாய்.

"நான் ஒண்டு கேக்கன் மிஸ். வளவு எங்கட அம்மா எனக்குத் தந்தது. முழுசும் என்ர. இப்ப பாதி எனக்குத் தாறம் எண்டா, மத்தப் பாதிய ஆருக்குப் புடுங்கிக் குடுக்கப் போறீங்க?"

பின்னால் ஆண்கள் பக்கத்தில் இருந்த அவருடைய புருசனும் எழும்பிவிட்டார். வாவியில் மீன் பிடித்து, சைக்கிளில் கட்டிப் போய் விற்கிறவர்.

"எனக்கு என்னத்துக்கு மிஸ் வீடு? நான் வந்த மாப்பிள. என்ர தங்கச்சிக்கு ஒரு வீட்டக் கட்டிக் குடுத்துட்டுத்தானே இஞ்ச வந்தன். அந்தப் பாதியும் இவட பேரில கிடக்கட்டும்."

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வெள்ளைக்காரப் பெண்மணி முகத்தில் சிரிப்பு மாறவில்லை. சீதன முறையை நாங்கள் ஊக்குவிக்க முடியாது என்றார். எல்லா நாட்டிலும் சொத்து ஆண்கள் பேரில்தான் கிடக்கிறது, அதை மாற்றத்தான் இந்த விதி என்றார். இங்கே அப்படி இல்லை, இந்த விதி பெண்ணின் கையிலிருந்து பாதியைப் பறிக்கிறது என்று நான் என் வாயாலும் சொன்னேன். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும் என்றார். என்ன நெஞ்சழுத்தம்! வந்து மூன்று மாதமாகவில்லை, எங்கள் வீடு யாருடையது என்று எங்களுக்கே பாடம்.

மழைக்காலம் வரப் போகிறது, பிள்ளைகள் தகரக் கொட்டிலுக்குள் கிடக்கிறார்கள். அக்கா என்ன செய்வார்? ஒப்பம் வைத்தார். புருசனும் வைத்தார். ஓடு போட்ட வீடு எழும்பியது. நான் பார்க்கப் போன நாளில் மனிசன் கதிரையில் சாய்ந்திருந்து பகிடி விட்டார்.

"இண்டையிலயிருந்து நானும் வீட்டுக்காரன். தேத்தண்ணி கொண்டாகா."

"உங்கட பாதியில அடுப்பு இல்ல" என்றார் அக்கா உள்ளேயிருந்து. "கிணத்தடிதான் இரிக்கி. போய்த் தண்ணிய அள்ளிக் குடிங்க."

வயிறு நோகச் சிரித்தோம். இரண்டு பேரும் உறுதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை நிறுவனம் பெரிதாக்கி அலுவலகச் சுவரில் மாட்டியது.

அடுத்த வருசம் ஒரு காலை, மீன்பெட்டியோடு செங்கலடிச் சந்தைக்குப் போன மனிசன் திரும்பி வரவில்லை. வழியில் மறித்து ஆட்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று சனம் சொன்னது. பொலிசு, முகாம் என்று அக்கா போகாத இடமில்லை, நானும் சில இடங்களுக்குக் கூடப் போனேன். எங்கேயும் ஒரே மறுமொழிதான், இங்கே அப்படி ஒருவர் இல்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. வருவார் என்றார். வருவார் என்றுதான் நாங்களும் சொன்னோம்.

பிறகு மூத்த மகளுக்குக் கல்யாணம் பொருந்தி வந்தது. பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று விரும்பின. மாப்பிள்ளையின் தாய் நல்ல மனிசி, ஆனால் வழக்கம் வழக்கம்தான். "பாதி வீட்டுக்கு எப்பிடி மகனக் குடிவிடுற? நாளைக்கு ஆரும் வந்து பங்கு கேட்டா புள்ளைகள் என்ன செய்யும்?" என்று கேட்டார். அக்காவுக்கும் அது நியாயமாகவே பட்டது. வீட்டை முழுசாக எழுத வழி கேட்டு, உறுதி முடிக்கிற நொத்தாரிசிடம் போனோம். ஆள் இருந்தால் ஒப்பம் வேண்டும், இல்லையென்றால் மரண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும் என்றார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஆளுக்கு அவரிடம் ஒரு வழியும் இல்லை.

நிறுவனத்துக்கு ஓடினோம். பழையவர் நாட்டுக்குப் போய்விட்டார், புதியவர் இருந்தார். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது என்றார். வேண்டுமானால் அக்காவுக்கு உளவளத் துணைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். அவருடைய தலைக்கு மேலேதான் அந்தப் படம் தொங்கியது. அக்கா படத்தில் சிரிக்கிற மனிசனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தமிழில் ஏசிவிட்டேன். நான் சொன்னது என்ன என்று அவர் கேட்க அங்கே வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை.

அக்கா மரண அத்தாட்சி எடுத்தார். உயிரோடு வருவார் என்று காத்திருந்த மனிசனைச் செத்தவர் என்று தன் வாயால் சொல்லி எடுத்தார். வீடு மகளின் பேருக்கு முழுசாகப் போனது. ஆனால் பத்திரம் எடுத்த கதை ஊருக்குத் தெரியும்தானே. புருசன் செத்தவள் தாரை வார்க்க முன்னுக்கு நிற்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் வழக்கத்திலும் குப்பை உண்டு. அதைக் கூட்டித் தள்ள ஒரு வெள்ளைக்காரரும் வரவில்லை. வேறொரு சோடி மணவறையில் நின்று மகளைக் கொடுத்தது.

மேளம் அடிக்கும்போது நான் அக்காவைத் தேடிக் குசினிக்குள் போனேன். பாயாசப் பானையைக் கிண்டிக்கொண்டு நின்றார். நெற்றியில் பொட்டு இல்லை. வாங்கக்கா, கதவடியிலாவது நின்று பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு புள்ள. அடுப்பு என்ர பாதியிலதானே" என்றார். அகப்பையை வைத்துவிட்டு யன்னலால் வெளியே பார்த்தார். "அவர் கிணத்தடியில நிக்கார் எண்டு நினைச்சிக்கிறன்."