விஸ்கி கலக்கிய கை

எழுபதுகளின் கடைசியில் பஹ்ரைன் ஹோட்டலில் வேலை பார்த்துத் திரும்பிய என் கணவர், கல்முனை வீட்டில் கூட்டாளிமாருக்கு விஸ்கி கலக்க என்னைப் பழக்கினார். ஹறாம் என்று அழுதேன், அடித்தார். விஸ்கியோடு தேசிக்காய்ப் புளி, சீனி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து நுரை பொங்கக் குலுக்கவேண்டும்.

"தங்கச்சி, இன்னொரு கிளாஸ் தாங்க" என்று கேட்டுக் குடிப்பார் பக்கத்து வீட்டு நானா.

பிறகு கணவருக்கு வேறொருத்தி வேண்டியிருந்தது. பள்ளிவாசல் விசாரணையில், "இவ ஊட்டுக்க சாராயம் கலக்கிறவ" என்றார்.

"ஓம், நான் கண்ட" என்றார் சாட்சிக்கு வந்த நானா.

"குடிச்சது நீங்கதானே, நானா!"

"ஹறாத்தக் கலக்கின கை. இதுக்குள்ள வாயும் காட்டுறாவா?" என்றார் விசாரித்த பெரியவர். கணவர் தலாக் சொல்ல, என்னை அனுப்பினார்கள்.

இப்போதும் தேசிக்காய் பிழிந்தால் கையை மோந்து பார்க்கிறேன். சாட்சி சொன்ன வாய் அன்றைக்கும் நாறியதே, அது எனக்கு மட்டுமா மணந்தது?