சுருட்டுக் கம்பெனிக் கதவு

நனைந்த புகையிலைக்கு ஒரு வாடை உண்டு, வெல்லப்பாகும் பழைய சாக்கும் சேர்ந்து புளித்தாற்போல. எங்கள் அம்மா ஆரோக்கியத்தின் சேலையில் அது எத்தனை துவைத்தாலும் போகாது. அவள் தெருமுனை திரும்பும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஐம்பதுகளின் திண்டுக்கல்லில் சுருட்டு சுற்றப் போன பெண்கள் எல்லோரும் அப்படித்தான் மணந்தார்கள், அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. பெண்கள் முந்தானைக்குள் "எலை", அதாவது புகையிலை, கடத்துகிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம். காலையில் எல்லோரும் உள்ளே போனதும் அந்தப் பெரிய பலகைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார், சாயங்காலம்தான் திறப்பார். திண்டுக்கல் பூட்டென்றால் ஊருலகத்துக்கெல்லாம் பெருமை, எங்களுக்கோ அதுதான் சத்துரு. கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மத்தியானம் நான் வாசலில் நிற்பேன். அவன் அழுகுரல் கேட்டு உள்ளே அம்மாவுக்குப் பால் சுரக்கும், அதைச் சுவரோரம் பீய்ச்சிவிட்டு மறுபடி வேலைக்கு உட்காருவாள். தம்பிக்குக் கஞ்சித்தண்ணீர்தான். அவன் விலா எலும்பு தெரிய வற்றிக்கொண்டே வந்தான். பக்கத்துத் தெருவில் அப்படி வற்றிய ஒரு குழந்தை செத்தே போயிற்று. அந்தத் துக்கத்துக்குப் போய் வந்த அன்று அம்மா சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் காலை பெண்கள் வாசல்வரை போனார்கள், உள்ளே போகவில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்றவள் ராக்கம்மா, புகையிலைக்குத் தண்ணீர் தெளிக்கிறவள், குரலும் உடம்பும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

"கூலி கூடுதலாக் கேக்கலைங்க. மத்தியானம் கதவத் தொறந்து விடுங்க, பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வாரோம்."

"ஒருத்தியும் வர வேணாம், போங்கடி!" என்று கத்திய முதலாளி, கோபத்தில் கதவைப் பூட்டிச் சாவியோடு காரேறி மதுரைக்குப் போய்விட்டார். அதில்தான் அவர் கோட்டை விட்டார். முதல் நாளே தண்ணீர் தெளித்து ஈரச்சாக்குப் போட்டு மூடிய புகையிலை உள்ளே கிடந்தது, அதுவும் கப்பலேற வேண்டிய சரக்குக்கான இலை. நனைத்ததை உடனே சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பூத்துவிடும்.

"செத்த பொறுங்கடி," என்றாள் ராக்கம்மா. "நாம வாயே தொறக்க வேணாம். எலை பேசும்."

அந்த நாட்களில் வீடுகளில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. ரொட்டிக்கடை பாய் உடைந்த வர்க்கியைப் பொட்டலம் கட்டி, "புள்ளைகளுக்குக் குடுங்கம்மா" என்று அனுப்புவார். ஆனால் அம்மா பகல் முழுக்கக் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்ததால் தம்பிக்கு நினைத்தபோதெல்லாம் பால்; ஊரிலேயே ஸ்டிரைக்கில் கொழுத்தவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

முதலாளி சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது புழுங்கிய வாடை தெருவுக்கே வந்துவிட்டது. கதவைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "சரி, மிச்சத்தையாவது காப்பாத்துங்க, உள்ள வாங்க" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"மத்தியானம்?" என்றாள் ராக்கம்மா.

"தொறந்து விடுறேன்."

"சாவிய வாட்ச்மேன் கையில குடுத்துட்டுச் சொல்லுங்க."

அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை உருவி வாட்ச்மேனிடம் கொடுத்தார். பெண்கள் போட்ட குலவையில் தம்பி பயந்து என் தோளைக் கடித்துவிட்டான், அந்த வலிகூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்று மத்தியானம் இடுப்பில் பிள்ளையோடு அக்காமார் நாங்கள் கூட்டமாகத் தெருவை அடைத்துக்கொண்டு ஓடினோம். கதவு விரியத் திறந்திருந்தது. அம்மா கையைச் சாம்பல் போட்டுக் கழுவி, முதலாளி பார்க்கவே கால்நீட்டி உட்கார்ந்து தம்பியை வாங்கிக்கொண்டாள். "மெதுவாக் குடிப்பா, இனி யாரும் அவசரப்படுத்த மாட்டாக," என்றாள்.

இப்போது கம்பெனி இல்லை, சுருட்டுப் பிடிக்கிறவர்களும் இல்லை, அம்மாவும் ராக்கம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடை நிற்கிறது. போன மாதம் அதன் முன்னால் சும்மா நின்றிருந்தேன். "உள்ள வாங்க பாட்டிம்மா, ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்று கடைப்பையன் கூப்பிட்டான். எதுவும் வாங்குகிற உத்தேசம் எனக்கில்லை. ஆனாலும் நேராக உள்ளே போய், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன்.