ஜன்னலோரத்து பெஞ்சும் பழைய பதிவேடும்

கோயில்பிள்ளை வேலை என்றால் மணி அடிப்பது என்றுதானே நினைக்கிறீர்கள்? எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் வேலை. மணி நடுநடுவே அடித்துக்கொள்ளலாம். எங்களுடையது மங்கலம் பக்கத்துச் சின்ன கிறிஸ்தவ சபை. உங்கள் சபையிலும் என்னைப்போல் ஒரு ஜீவன் இருக்கும். அவருக்கு என் அனுதாபங்கள்.

கண்டெய்னர் வரும் ஞாயிறு

எஸ்தர் அக்கா ஏற்றுமதிக்குப் பனியன் தைக்கிற யூனிட் நடத்துகிறவர். சபையின் மூத்த குடும்பம். ஒரு ஞாயிறு நான் முதல் மணி அடிக்கும்போதே காரை நிறுத்தி இறங்கினார். அடடா, ஆராதனைக்கு இவ்வளவு சீக்கிரமா என்று பூரித்துப்போனேன். நேரே என்னிடம் வந்தார்.

"ஆயர் ஐயாகிட்ட சொல்லுங்க கோயில்பிள்ளை, பிரசங்கம் பத்து மணிக்கு முடியோணுமுங்க. ஆண்டவர் பொறுத்துக்குவாரு, கண்டெய்னர் பொறுக்காதுங்க."

இடம் மாற்றம்

சுசிலும் அனிதாவும் ஜார்க்கண்டிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த தம்பதி. கையில் பெண் குழந்தை. எங்கள் பாட்டு புரியாது. ராகம் தெரிந்ததென்றால் கூடவே முணுமுணுப்பார்கள். ஒருநாள் குழந்தைக்குக் காற்று வரட்டும் என்று ஜன்னலோரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். போச்சுடா! அது எஸ்தர் அக்காவின் அப்புச்சி, அதாவது அம்மாவழித் தாத்தா, கோயிலைப் புதுப்பித்துக் கட்டினபோது செய்து போட்ட பெஞ்சு. பெயர் எழுதியிருக்காது, ஆனால் வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

அக்கா வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் போய் அவர்களை எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. சுசில் கோபப்படவே இல்லை.

"சாரி அண்ணா, தெரியாது. அடுத்த வாரம் நாங்க நின்னுக்கிறோம்."

இன்னொரு ஆள்

அவர்களுக்கு முதல் குழந்தை பிறந்த அன்றே தவறிவிட்டது. இது பிழைத்தால் ஆறு மாதத்துக்குள் ஞானஸ்நானம் கொடுப்பதாக அனிதா பொருத்தனை செய்திருந்தாள். ஞானப் பெற்றோராக நிற்கச் சபையார் இருவர் வேண்டும். ஆயர் இரண்டு ஞாயிறு அறிவித்தார். ஒருத்தர் நிமிர வேண்டுமே! எல்லாரும் மும்முரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். மூன்றாம் ஞாயிறோடு ஆறு மாதம் முடிகிறது. நான் நிற்கிறேன் என்றேன். என் மனைவியோ மகளின் பிரசவத்துக்குக் காங்கேயம் போயிருந்தாள்.

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைச் சேர்த்து ஒண்ணு. இன்னொருத்தருக்கு எங்க போறது கோயில்பிள்ளை?"

பித்தளைத் தகடு

அந்த வாரமே எஸ்தர் அக்கா வந்தார். பெஞ்சில் அப்புச்சி பெயருக்குப் பித்தளைத் தகடு அடிக்கப்போகிறாராம். அவர் ஞானஸ்நானம் எடுத்த வருஷம் வேண்டுமாம். அப்படியாவது இனி யாரும் உட்கார மாட்டார்களே! பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன். அக்கா விரல் வைத்துச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனார். அப்புச்சி, அப்போது கைக்குழந்தை. "பெற்றோர், பஞ்சத்தில் வந்து சேர்ந்தவர்கள். ஊர் தெரியாது. ஞானத்தகப்பன், கோயில்பிள்ளை. வேறு ஒருவரும் முன்வரவில்லை."

வருஷத்தைக் குறித்துக்கொள்ளவே இல்லை. பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"இதை வேற யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

மூன்றாம் ஞாயிறு

சலவை வேட்டியோடு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றேன். அனிதா குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஞானப் பெற்றோர் முன்னே வரலாம் என்றார் ஆயர். நான் ஒருவன் நகர்ந்தேன். மறுபடி புத்தகம் புரளும் சத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் ஜன்னலோரத்தில் பெஞ்சு கிரீச்சிட்டது. எஸ்தர் அக்கா விறுவிறுவென்று வந்து அனிதாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என்னிடம் சொன்னவர், சபை முழுக்கக் கேட்கும்படி அவரே சொன்னார்.

"எங்க அப்புச்சிக்கு அன்னைக்கு ஒரு கோயில்பிள்ளைதானுங்க நின்னாரு. இன்னைக்கு நானும் நிக்கறனுங்க."

பித்தளைத் தகடு இன்னும் வரவில்லை. ஞாயிறுதோறும் அந்த பெஞ்சில் குழந்தை கொட்டுகிற பாலைத் துடைக்கும் வேலைதான் எனக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது.