சுக்கான் பிடித்த சுப்பராயலு

விழுப்புரத்தில் சுப்பராயலு வாத்தியார் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது சாமி படம் அல்ல, படகுப் படம். நீளமாய் ஒல்லியாய் ஒரு படகு. துடுப்போடு வாட்டசாட்டமான நாலு வாலிபர்கள். பின்கோடியில் பொட்டலம் மாதிரி ஒடுங்கிக்கொண்டு இன்னொருத்தர். அந்தப் பொட்டலம்தான் வாத்தியார். பக்கத்துக் காணை கிராமத்துக்காரர், நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். பட்டணத்தில் பி.ஏ. படித்தபோது பல்கலைக்கழகப் படகுச் சங்கத்தில் இருந்தவர். ஊரில் அப்படி வேறு யாரும் இல்லாததால் அவருக்கு ஒரு தனி மரியாதை. அவர் மனைவி அம்சவள்ளிக்கு அந்தப் படத்தைத் துடைக்காவிட்டால் பொழுது போகாது. அவள் துடைக்கும்போதெல்லாம் வாத்தியார் வேறு பக்கம் பார்ப்பார். மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அடக்கமாவது ஒன்றாவது! வெட்கம்.

அந்தச் சங்கம் வெள்ளைக்காரப் புரொபசர்கள் ஆரம்பித்தது. அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் படகுகளும் பழக்கங்களும் அப்படியே தங்கிவிட்டன. படத்தில் இருக்கிற படகுக்கு எந்தத் துரையின் பெண்டாட்டி பெயரோ, மார்கரெட் என்று எழுதியிருந்தது. பையன்கள் அவளை மாரியாத்தா ஆக்கிவிட்டார்கள். பந்தயத்தன்று குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கிப் பிழியாமல் மாரியாத்தா தண்ணீரில் இறங்கமாட்டாள். ஜெயித்தவர்கள் பெயரை ஒரு துடுப்பில் தங்க எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். இன்னொரு பழக்கமும் இருந்தது. ஜெயித்த படகில் சுக்கான் பிடித்தவனைக் கையும் காலுமாகத் தூக்கி ஆற்றில் வீச வேண்டும். வெள்ளைக்காரன் செய்த காரியமாயிற்றே, விட்டுவிட முடியுமா?

துடுப்புப் போடுகிறவர்கள் படகு போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். வழியைப் பார்க்கிறவன் சுக்கான்காரன் ஒருத்தன்தான். இரண்டு கையிலும் இரண்டு கயிறு இருக்கும். இடது கயிற்றை இழுத்தால் படகு இடப்பக்கம் திரும்பும். அவனுக்கு நேர் எதிரில், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து மற்ற மூன்று பேருக்கும் தாளம் கொடுக்கிறவன் முதல் துடுப்பு.

சுக்கான் பிடிக்க ஆள் எடையில்லாமல் இருக்க வேண்டும். ஹாஸ்டல் சாப்பாட்டு வரிசையில் சுப்பராயலுவைப் பார்த்துவிட்டுச் சங்கத்துக் கேப்டன் தோளில் கை போட்டான். “உன்னை மாதிரி ஆள்தான் வேணும். நீச்சல் தெரியும் இல்ல?”

“தெரியும்” என்றான் சுப்பராயலு.

தெரியாது. காணையில் எல்லாப் பிள்ளைகளும் கழனிக் கிணற்றில் குதித்துத்தான் கற்றுக்கொண்டார்கள். இவனுக்கும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிட்டார்கள். இவன் போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. கிணற்றுப் படியைக் கட்டிப்பிடித்து ஏறியவன் அதற்கப்புறம் கிணற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. குடியானவன் வீட்டுப் பிள்ளை இதைப் பட்டணத்துக்காரனிடம் எந்த வாயால் சொல்வான்? சின்ன வெட்கத்தை மறைக்க ஒரு பொய் சொன்னான், அது அவனைப் பெரிய வெட்கத்தில் கொண்டுபோய் விட்டது.

முதல் துடுப்பு சவுரிராயன். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம், பிரம்மதேசத்தை ஒட்டிய ஒரு சேரியிலிருந்து வந்தவன். அப்பா அடுத்தவர் கழனியில் கூலி. மாட்டு வைத்தியக் கல்லூரியில் சம்பளச் சலுகையில் படித்தான். ஏரியிலேயே வளர்ந்தவன், அவன் துடுப்புப் போட்டால் தண்ணீரே வழி விடுவது போலிருக்கும். சுப்பராயலுவோடு ரொம்ப ஒட்டுதல். ஊர்ப் பேச்சுப் பேச அங்கே அவர்கள் இருவர்தான். அந்த வருஷம் ஜெயித்தால் அடுத்த கேப்டன் சவுரிராயன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஐம்பத்தைந்தாம் வருஷத்து இறுதிப் பந்தயத்தில் மாரியாத்தா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். எல்லைக் கொடி கண்ணுக்குத் தெரிந்தது. கரையில் நின்ற கூட்டம், “சுப்புவைத் தூக்கி வீசத் தயாரா இருங்கடா!” என்று ஆர்ப்பரித்தது. சுப்பராயலு கொடியை விட்டுத் தண்ணீரைப் பார்த்தான். சுற்றிலும் கறுத்த தண்ணீர். இடது கை தானாக இழுத்துவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். தானாக எல்லாம் இழுக்கவில்லை. இவன்தான் இழுத்தான்.

படகு இடப்பக்கத்துச் சேற்றுத் திட்டை நோக்கித் திரும்பியது. சவுரிராயனின் துடுப்பு சேற்றில் செருகி, அதன் பிடி அவன் நெஞ்சிலேயே இடித்தது. படகு சுழன்று நின்றது. பின்னால் வந்த படகு தாண்டிப் போய்விட்டது.

“என்னடா ஆச்சு?” என்று கரையேறியதும் கேப்டன் கத்தினான்.

“சவுரியோட துடுப்பு சேத்துல மாட்டிக்கிச்சு” என்றான் சுப்பராயலு.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த அசிங்கம்.

சாயங்காலம் படகுக் கொட்டகையில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். “சேத்துல நாத்து நட்ட கை, சேத்தைத்தான் தேடிப் போவும்” என்று எவனோ சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். சவுரிராயன் காதில் அது விழுந்தது. சுப்பராயலு காதிலும் விழுந்தது. அவன் பன்னைத் தின்றுகொண்டிருந்தான். கேப்டன் பதவி வேறொருத்தனுக்குப் போயிற்று. சவுரிராயன் அப்புறம் ஆற்றுப் பக்கமே வரவில்லை.

அறுபத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாத்தியார் வீட்டு வாசலில் சவுரிராயன் வந்து நின்றார். திண்டிவனத்து மாட்டாஸ்பத்திரிக்கு டாக்டராக மாற்றலாகி வந்தவர், விசாரித்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் வந்திருந்தார். சுப்பராயலு துண்டைத் தேடுகிற சாக்கில் உள்பக்கம் திரும்பினார். அம்சவள்ளிதான் ஓடிவந்தாள்.

“வாங்கண்ணே! படத்துல இவரு எதுருல உக்காந்துக்கினு இருக்கறது நீங்கதானே? தெனமும் உங்க மூஞ்சியத் தொடைக்கறேன், எனக்குத் தெரியாதா?”

கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சுப்பராயலு அவருக்கு எதிரிலேயே இலை போட்டுத் தானும் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தில் யாரும் செய்யாததைச் செய்கிறோம் என்று அவருக்குள் ஓர் அற்பத் திருப்தி. கணக்கு இதோடு தீர்ந்துவிடும் என்கிற நினைப்பு!

“தங்கச்சி, உங்க வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்” என்றார் சவுரிராயன். “இத்தினி வருசமா மனசுல அறுத்துக்கினே இருக்குது. அன்னைக்கு நான்தான் கெடுத்துட்டேன். துடுப்பைச் சேத்துல வுட்டுட்டேன். நேர் எதுருல உக்காந்துக்கினு பாத்தேனே, சுப்பு அந்தக் கயித்த என்னமா இழுத்தான்! படகைக் காப்பாத்தணும்னு அவன் பட்ட பாடு. மூஞ்சில ரத்தமே இல்ல. அது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.”

சொல்லிவிடலாம். வார்த்தை சுப்பராயலுவின் தொண்டை வரைக்கும் வந்தது. மனைவி பெருமையோடு தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். விழுங்கிவிட்டார்.

“வுடு சவுரி. பழைய கதை. நான் எப்பவோ மறந்துட்டேன்.”

மன்னித்துவிட்டாராம்! சவுரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. சுப்பராயலு பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தார்.

அம்சவள்ளிக்கு மனசு நிறைந்துபோயிற்று. பேச்சை மாற்ற எண்ணி, “ஜெயிச்சிருந்தா என்னா குடுத்திருப்பாங்கண்ணே?” என்று கேட்டாள்.

“குடுக்கறதாவது!” சவுரிராயன் சிரித்துவிட்டார். “இவனைக் கையும் காலுமாத் தூக்கி ஆத்துல வீசுவோம். சுக்கான் புடிக்கறவனுக்கு அதான் மரியாதை.”

அம்சவள்ளி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயையோ! அப்போ நீங்க தோத்ததே நல்லதாப் போச்சு. இவருக்கு நீச்சலே தெரியாதேண்ணே! இன்னிக்கு வரைக்கும் கெணத்தாண்ட போவ மாட்டாரு.”

சவுரிராயனும் கூடச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. இலையில் கை நின்றது. தலையைத் தூக்கி எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தார். படகில் இருவருக்கும் நடுவே இருந்த தூரம்தான் இப்போதும் இருந்தது. சுப்பராயலு இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேறு பதில் தேவைப்படவில்லை.

“ரசம் ஊத்தட்டுமாண்ணே?”

“ஊத்துங்க தங்கச்சி” என்றார் சவுரிராயன். குரல் மட்டும் இறங்கியிருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, குழம்பு ரொம்ப நன்றாக இருந்தது என்று அவளிடம் சொன்னார்.

ஸ்டேஷன் வரைக்கும் சுப்பராயலு கூடவே நடந்தார். நாலு வசவு வைத்தால் கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. வண்டி வந்தது. சவுரிராயன் ஏறிக் கதவோரம் நின்றார்.

“சவுரி, அன்னைக்கு நான்...”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே சுப்பு” என்றார் சவுரிராயன். அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். “எனக்குத்தான் நீச்சல் தெரியுமே. உன்னை வீசினா நானும் கூடவே குதிச்சிருப்பேனே.”

வண்டி திண்டிவனம் பக்கம் நகர்ந்தது. சுப்பராயலு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.