ஏழாம் ஷெட்டுக்கு ஏசி மாட்டிய கடிதம்

வெம்பக்கோட்டை சாலையில் உள்ள ஒரு பட்டாசு ஆலையின் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் கடிதம் எழுதியே சோறு தின்றவள் நான். லைசென்ஸ் புதுப்பிக்க விண்ணப்பம், லாரி ஆபீஸுக்குச் சண்டைக் கடிதம், வடக்கே இருக்கும் வியாபாரிகளுக்கு நயமான கடிதம் என்று எழுதாதது கிடையாது. ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தபோது, கேட்டால் கடிதம் எழுதித் தரும் ஏஐ என் போனுக்குள் வந்தது. வந்த மூன்றாவது மாதம் அதை வைத்துக் கம்பெனியையே இழுத்து மூடப் பார்த்தேன். இப்போது ஆபீஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன். படித்துச் சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1. நோட்டீஸ்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. நல்ல சீசன். பாதுகாப்பு ஆய்வுக்கு அதிகாரி வந்தார். எங்கள் ஆலையில் வேலை நடக்கும் அறைகளை ஷெட் என்போம். ஒவ்வொன்றும் தனித்தனியாக, தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு ஷெட்டுக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் நான்கு பேரோடு போகட்டும் என்பதுதான் காரணம். கேட்க நன்றாக இருக்காது, ஆனால் அதுதான் உண்மை. பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கும் ஏழாம் ஷெட்டை அதிகாரி எட்டிப் பார்த்தபோது உள்ளே ஆறு பேர் இருந்தார்கள்.

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. கூடுதல் ஆட்களை வைத்து வேலை வாங்கியதற்காக உங்கள் லைசென்ஸை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். சீசனில் லைசென்ஸ் போனால் அந்த வருஷமே போச்சு. நூற்றுச் சொச்சம் பேர் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். தங்கமான மனிதர். கடிதம் நீளமாக இருந்தால் அதில் உண்மையும் நிறைய இருக்கும் என்று நம்புகிறவர்.

"ரெஜினா, லெட்டர் சும்மா கும்முன்னு இருக்கணும். படிக்கிறவன் எந்திரிச்சு நிக்கணும்" என்றார்.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். எழுந்து ஏழாம் ஷெட்டுக்கு நடந்து போய், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். பத்து நிமிஷ நடை. வெயில் கொளுத்தியது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபடி போனை எடுத்து, "பட்டாசு ஆலைக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. எங்களிடம் பாதுகாப்பு மிக நன்றாக இருக்கிறது என்று விரிவாகப் பதில் எழுது" என்று தட்டினேன். நான் டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று பக்கம் வந்துவிட்டது.

தமிழ் என்றால் அப்படி ஒரு தமிழ். ஆழ்ந்த அர்ப்பணிப்பு, தொலைநோக்கு, மனித உயிரின் மாண்பு என்று வரிக்கு வரி ஜொலித்தது. அண்ணாச்சி சத்தமாகப் படித்தார். டீ கொண்டுவந்தவர், லோடு கேட்டு வந்த டிரைவர் எல்லாரும் நின்று கேட்டார்கள்.

"இது நம்ம கம்பெனியா ரெஜினா? எனக்கே இங்கன வந்து வேலைக்குச் சேரணும்போல இருக்கே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

போர்மேன் கருப்பசாமி அண்ணனிடம் ஒரு தடவை காட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். காட்டவில்லை. அவருக்கு இலக்கியம் புரியாது என்று நினைத்தேன்.

2. எத்தனை டன்?

நான்காம் நாள் நேரில் வரச் சொன்னார்கள். அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பாராட்டு விழாவுக்குப் போகிற முகத்தோடு வந்தார். அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். கடிதத்தைப் புரட்டினார்.

"ஏழாம் ஷெட்டுல எத்தனை டன் ஏசி போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே வாசித்துக் காட்டினார். ஊழியர்களின் நலன் கருதி ஒவ்வொரு பணியறையிலும் குளிர்சாதன வசதியும் தானியங்கி மின்விளக்கும் பொருத்தப்பட்டுள்ளன. அவசர காலத்தில் தொடர்புகொள்ள அனைவரும் எப்போதும் கைபேசியுடன் பணிபுரிகின்றனர். ஒத்திகையின்போது ஊழியர்கள் மாடிப்படிகளில் வரிசையாக இறங்கினர்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மருந்து புழங்கும் எங்கள் ஷெட்டுகளில் கரண்டே கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. ஒரு சின்னப் பொறி பட்டாலும் போதும் என்பதால் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவோம். மாடிப்படி என்பது எங்கள் ஆலையிலேயே கிடையாது. ஆக, செய்யாத குற்றங்களை எல்லாம் செய்ததாகப் பெருமையோடு ஒப்புக்கொண்டு, கையெழுத்தும் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தோம். மூன்று பக்கத்தையும் நான் படித்துத்தான் அனுப்பினேன். ஓசை நன்றாக இருந்ததால் கண் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"இதெல்லாம் நிஜமா இருந்தா இன்னைக்கே பூட்டணும். இல்லேன்னா பொய். ரெண்டுல எது?" என்றார் அதிகாரி.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"பொய் சார்" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு சுருக்கமான பதிலை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

"அந்த ஆறு பேரு எதுக்கு அங்க இருந்தாங்க? நான் கேட்டது அது ஒண்ணைத்தான். மூணு பக்கத்துல அதை மட்டும் காணோம். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொண்டுவாங்க. இல்லைன்னா ஆர்டர் போட்டுருவேன்."

திரும்பி வரும் வழியில் எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

3. லேபிள் பேப்பர்

ஆபீஸில் உட்கார்ந்து கையாலேயே எழுதிப் பார்த்தேன். பேனாவை வைத்தால் 'ஆழ்ந்த அர்ப்பணிப்புடன்' என்றுதான் ஓடியது. போனுடைய பேச்சு என் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இது சரிப்படாது என்று மறுநாள் காலையில் எழுந்து ஷெட் பக்கம் நடந்தேன். கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையில் ஒரு பென்சிலும், கலர் தப்பி அச்சான பூச்சட்டி லேபிள் தாளும் இருந்தன. அதன் பின்பக்கம் வெள்ளை.

ஏழாம் ஷெட் வாசலில் கருப்பசாமி அண்ணன் கையை நீட்டி மறித்தார்.

"ரெஜினாம்மா, உள்ள நாலு பேரு இருக்காக. நீங்க போனா அஞ்சு. இன்னொரு நோட்டீசு வேணுமா?"

வெயிலில் நின்றேன். அன்றைக்குக் கூடுதலாக இருந்தவர்கள் யார் என்று அவரிடம் கேட்டதும், ஒன்பதாம் ஷெட்டிலிருந்து முத்துலட்சுமியை வரச் சொன்னார். அவள் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

"யக்கா, என்னைய நிப்பாட்டப் போறீகளா?"

"யாரும் நிப்பாட்டல. அன்னைக்கு எதுக்கு ஏழாம் ஷெட்டுக்குப் போன?"

"எம் மகளுக்குக் கல்யாணம்லக்கா. பத்திரிகை வைக்கப் போனேன். ஒத்தையில போயி வைக்கக் கூடாதுன்னு எங்க மதினியையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவுக குங்குமத் தட்டைப் பிடிச்சாக, நான் பத்திரிகையைக் குடுத்தேன்."

நான்கும் இரண்டும் ஆறு. அவ்வளவுதான் விஷயம்.

"சாப்பாட்டு நேரத்துல குடுத்திருக்கலாம்ல?"

"அம்புட்டுப் பேரு மத்தியில போற போக்குல நீட்டினா, எங்களைத் தேடி வந்து வைக்கலையேன்னு முகத்தைத் தூக்குவாளுக."

"அப்ப வேலை நடந்துச்சா?"

"அது எப்பிடிக்கா நடக்கும்? மருந்தை மூடி வச்சுட்டு, நாலு பேரும் எந்திரிச்சு நின்னுல்ல பத்திரிகையை வாங்குனாக." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குத்தானக்கா மொத வச்சோம். உங்க ஆபீசுல இருந்து நேரா ஏழாம் ஷெட்டுக்குத்தான் போனோம்."

உண்மைதான். அந்தத் தட்டிலிருந்து குங்குமம் எடுத்துக்கொண்டு, பத்திரிகையை வாங்கி, மேசை டிராயரில் வைத்தவள் நானேதான். பதில் என் டிராயரில் கிடக்க, போனிடம் போய்க் கேட்டிருக்கிறேன். பாவம், அதற்கு எப்படித் தெரியும்? அதற்குப் பத்திரிகை வைக்கவில்லையே.

அங்கேயே நின்று லேபிளின் பின்னால் பதினோரு வரி எழுதினேன். யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், யாரிடம் சொல்லாமல் வந்தார்கள், மருந்து மூடியிருந்ததா என்று எல்லாம் எழுதினேன். இனிமேல் என்ன செய்யலாம் என்று முத்துலட்சுமியிடமே கேட்டேன். சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு ஷெட்டாகக் கேட் பக்கத்து ஓய்வறைக்குக் கூப்பிட்டு வைத்துக் கொடுக்கலாம், அப்படியென்றால் யாருக்கும் மனத்தாங்கல் வராது என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். முதல் கடிதத்தில் ஏஐ அந்த இடத்தில் 'தொடர் விழிப்புணர்வுப் பயிலரங்கம்' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகுதான் போனைத் திறந்தேன். பதினோரு வரியையும் கொடுத்து, வரிசைப்படுத்து, பிழை திருத்து, ஒரு சொல் கூடச் சேர்க்காதே என்றேன். அந்த வேலையை அருமையாகச் செய்தது. ஆனாலும் கை சும்மா இருக்காமல் கடைசியில் ஒரு தொலைநோக்கைச் சேர்த்திருந்தது. அதை நான் அடித்து நீக்கினேன். ஒரே பக்கம்.

4. வெள்ளிக்கிழமை

அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"அந்த மதினி எந்த ஷெட்டு?"

"அவங்களும் ஒன்பதாம் ஷெட்டுதான் சார். ரெண்டு பேரும் போர்மேன்கிட்ட சொல்லாம எந்திரிச்சு வந்துட்டாங்க. அதைக் கவனிக்காதது எங்க தப்பு." தாளைப் பார்க்காமலே சொன்னேன். எதைக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

"தப்பு தப்புதான். எச்சரிக்கை குடுத்து விடுறேன். இனி அஞ்சாவது தலை தெரிஞ்சா பூட்டு" என்றார். லைசென்ஸ் பிழைத்தது.

ஆபீஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஏஐயிடம் தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்ததை நாலு வரியாவது எழுதிவிடுங்கள். எழுத ஒன்றும் வரவில்லை என்றால் விஷயமே இன்னும் உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். எழுந்து நடந்து போய்க் கேளுங்கள்.

அன்று காரில் ஏறியதும் அண்ணாச்சி ஒரு பெருமூச்சு விட்டார்.

"இருந்தாலும் ரெஜினா, அந்த மொத லெட்டரும் நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. நம்ம கம்பெனியைப் பத்தி இல்ல, அம்புட்டுதான்."