ஷார்ஜாவில் பார்த்த அப்பா

ஏர்போர்ட்டின் கண்ணாடிக் கதவு திறந்ததும் முகத்தில் வந்து அடித்ததே ஒரு சூடு... இரும்புப் பட்டறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. நானும் ஜெயந்தியும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டோம். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்பா மட்டும் அப்படியே நின்று, ஆழமாக ஒரு மூச்சை இழுத்தார். பிறகு சிரித்தார்.

அப்பா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இருபத்து நான்கு வருடம் ஷார்ஜாவில் ஒரு லாண்டரிக்கு வேன் ஓட்டியவர் அவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவில், ஆவுடையார்கோவில் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வருவார். அதில் பாதி நாள் கல்யாண வீடு, துக்க வீடு என்று போய்விடும். வேலையை விட்டு ஒரேயடியாக வந்த பிறகும் கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் பேச்சில்லை. வாசலில் சேரைப் போட்டு, போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் அவர் சுபாவம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

காலாண்டு லீவில் எங்காவது வெளிநாடு போகலாம் என்று ஆரம்பித்தது ஜெயந்திதான். அறந்தாங்கியில் நானும் அவளும் ஒரே ஸ்கூலில் டீச்சர். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஷார்ஜாவுக்கே போவோம் என்றேன். ஐந்து நாள்.

நான் பார்க்காத ஊரா, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "எனக்குப் போகணும்" என்றாள்.

எனக்கு வேண்டும் என்று அம்மா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்திருக்க மாட்டார் போல... மறுநாள் காலையிலேயே பாஸ்போர்ட் போட்டோ எடுக்க அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கே போனதும் அவர் வேறு ஆள்.

எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். டாக்சிக்காரரிடம் உருது, டீக்கடையில் மலையாளம். அவர் ஏதோ சொல்ல, டீ ஆற்றுகிறவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். இங்கே ஒரு சினிமா கொட்டகை இருந்தது, அங்கிட்டு வெறும் மணல்தான் கிடந்தது என்று அம்மாவுக்குக் கையை நீட்டி நீட்டிக் காட்டுகிறார்.

"ஏன்டி, ஒங்கப்பா இப்படிப் பேசுவாருன்னு நீ சொன்னதே இல்லையே" என்றாள் ஜெயந்தி.

எனக்கே தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்றாவது நாள், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சலூனுக்குக் கூட்டிப்போனார். கராச்சிக்காரர் ஒருவருடைய கடை. வெள்ளைத் தாடி. அப்பாவைப் பார்த்ததும் கத்திரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டார். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டார். அவளைப் பார்த்து உருதுவில் என்னென்னவோ சொன்னார். அப்பா அதைத் தமிழில் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஷேவிங்குக்குக் காத்திருந்த மலையாளி ஒருவர்தான் சொன்னார்... வெள்ளிக்கிழமை லீவு என்றால் அப்பா இங்கேதான் உட்கார்ந்திருப்பாராம். அம்மாவைப் பற்றித்தான் பேசுவாராம். மழையில் ஓடு சரிந்தபோது ஆள் வைத்துத் தனியாகவே வீட்டை நிமிர்த்தியது, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வது, எல்லாமே இந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியுமாம். நான் பிறந்த சேதி வந்த அன்றைக்குக் கடைத்தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். என்னை முதலில் பார்க்கும்போது எனக்குப் பதினான்கு மாதம்... அது எங்களுக்குத் தெரிந்த கதை. மிட்டாய் கதை தெரியாது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கடற்கரை ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கேட்டாள்.

"அங்க ஒக்காந்து பேசுனத... எங்கிட்ட வந்து பேசியிருக்கலாம்ல?"

அப்பா விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாரது ரெண்டு மாசம். வந்த புதுசுல என்ன பேசுறதுன்னு தெரியாது. பழகி வாரதுக்குள்ள ஏர்போர்ட்டுக்குப் போற கார் வாசல்ல வந்து நின்னுரும். அப்பறம் அப்படியே ஆயிப்போச்சு."

அம்மா நகர்ந்து அவர் பக்கமாக உட்கார்ந்தாள். நானும் ஜெயந்தியும் எழுந்து வேறு பக்கம் நடக்க ஆரம்பித்தோம். எனக்கு அழுகை வந்தது. ஜெயந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அப்பா பேச ஆரம்பித்தார். வேன் மணலில் மாட்டியது, ரூமில் எட்டுப் பேர் முறை வைத்துச் சமைத்தது என்று தினமும் ஏதாவது ஒரு கதை. நான் போன் செய்தால் அம்மா, "இரு, ஒங்கப்பா என்னமோ சொல்லிக்கிட்டு இருக்காரு... அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாள். அம்மா என் போனை அப்படிக் கட் பண்ணும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அந்தத் தை மாதம், ஒரு காலையில் அப்பா நெஞ்சு வலிக்கிறது என்றார். கார் அறந்தாங்கி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இருபத்து நான்கு வருடம் சேர்த்து வைத்ததைப் பேச, அவர்களுக்குக் கிடைத்தது நான்கு மாதம்கூட இல்லை.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது வெளிநாடு போவது எங்கள் ஸ்டாஃப் ரூமில் சாதாரணப் பேச்சு. ஜெயந்தி குடும்பமும் நாங்களுமாகத் தாய்லாந்து போனோம், சிங்கப்பூர் போனோம். ஆயிரம் போட்டோ எடுக்கிறோம். பிளைட் இறங்குவதற்குள் ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறோம். அப்பாவோடு போனதில் என்னிடம் பத்துப் பதினைந்து போட்டோதான் இருக்கிறது... அதிலும் பாதி ஜெயந்தி எடுத்தது.

போன வாரம் மலேசியா டிக்கெட் பேச்சு வந்தபோது, இந்தத் தடவையாவது வா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க தாயி. நான் அன்னைக்கு ஊரு பாக்கவா வந்தேன்? ஒங்கப்பாவப் பாக்க வந்தேன்" என்றாள்.